பூதம் சார் போட்ட சட்டம்

தண்ணீருக்கும் நெருப்புக்கும் காற்றுக்கும் தானே சட்டம் போட்டு, அந்தச் சட்டத்துக்குத் தானே பயந்து நடந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பூதம் சார். படைத்த கடவுள்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது. அவராவது கார்த்திகையில் பெய்ய வேண்டிய மழையைத் தையில் பெய்யவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல இருந்துவிடுவார். பூதம் சாரிடம் அந்தச் சலுகையெல்லாம் நடக்காது.

பூதம் என்றதும் ஆறடி உயரமும் முறுக்கு மீசையுமாக ஓர் ஆளை நினைத்துவிட வேண்டாம். காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ளும் உடம்பு அவருக்கு. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் அச்சாகி வரும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நிலம், நீர், தீ, காற்று, வானம் என்று எந்நேரமும் ஐந்து பூதங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் ஆளும் பூதம் ஆகிவிட்டார். கூப்பிட்டால் அவரும் மகிழ்ச்சியாகவே திரும்பிப் பார்ப்பார்.

எரியோடு பக்கம் ஒரு நூல் மில்லில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் கணக்குப் பிரிவு. அவர் ஈரக்காற்று பிளான்ட். நூல் மில்லுக்குள் காற்று காய்ந்து போனால் நூல் பொட்டுப் பொட்டென்று அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடிப்போனால் பஞ்சு உருளையைச் சுற்றிக்கொண்டு மானத்தை வாங்கும். அதனால் பெரிய பெரிய விசிறிகளை வைத்து, தண்ணீரைப் பூவாகத் தெளித்து, உள்ளே போகும் காற்றை ஒரே பதத்தில் வைத்திருக்க வேண்டும். பகல் முழுக்கத் தண்ணீரையும் காற்றையும் மேய்த்துக்கொண்டிருந்தவருக்குப் புத்தி வேறு எங்கே போகும்?

திண்டுக்கல்லில் இருந்து மில்லுக்குக் கம்பெனி வேன். பேகம்பூரில் நான் ஏறுவேன். எனக்கு முன்பே அவர் ஏறியிருப்பார். நான் உட்கார்ந்ததும் என் சட்டைக் காலரை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்து, “இன்னைக்குக் காத்துல பசையே இல்ல சார்” என்பார். காலர் போட்டவர்களோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. ஒருநாள் மில்லைப் பார்வையிட வந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவரின் துண்டையும் நிமிண்டிவிட்டார்.

டீக்கடையில் அவரோடு நின்றால் டீ குடிக்க முடியாது. நாம் ஊதி ஊதிக் குடிப்போம். “இந்தச் சூடு எங்க போகுதுன்னு நெனைக்கிறீக?” என்று ஆரம்பிப்பார். “ஆறிப்போகுது சார்” என்றால் விடமாட்டார். “ஆறிப்போறதுன்னு ஒண்ணு கெடையாது. கிளாஸ்ல இருந்து காத்துக்குப் போகுது. காத்துல இருந்து உங்க மூஞ்சிக்கு வருது. ஒண்ணும் காணாமப் போகல.” அதற்குள் டீ நிஜமாகவே ஆறிப்போயிருக்கும்.

மில்லில் பாதுகாப்பு நாள் கொண்டாடினார்கள். தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டரை எப்படித் திறப்பது என்று ஒருவர் வந்து செய்து காட்டினார். எல்லோரும் கை தட்டினோம். பூதம் சார் மட்டும் கையைத் தூக்கி, “அணைஞ்ச தீ இப்ப எங்கங்க இருக்கு?” என்று கேட்டார். வந்தவர் நல்ல மனிதர். “நீங்க மொதல்ல சாப்பிட்டு வாங்க சார்” என்று அனுப்பி வைத்தார்.

வேனில் கதை ஆரம்பித்தது ரேடியோ கெட்டுப் போனதால். ரயில்வே கேட் அடைத்துவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அப்போது பூதம் சார், யாரும் கேட்காமலேயே, “ஐந்தூர் நாட்டுல மருதின்னு ஒரு தண்ணிக்காரி இருந்தா” என்றார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி டிரைவர் மைக்கேலண்ணன் திரும்பிப் பார்த்தார். “தண்ணிக்காரின்னா?” “கையைக் காட்டுனா ஆறு திரும்பும்ணே.” கேட் திறந்து, பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்து ஏசுகிற வரைக்கும் எங்கள் வேன் நகரவில்லை.

அன்றிலிருந்து தினமும் கதை. ஐந்தூர் நாட்டில் ஒவ்வொரு பூதத்துக்கும் ஆட்கள் உண்டு. தண்ணிக்காரி, தீக்காரன், காத்துக்காரி, மண்ணுக்காரன், வான்காரன். ஒருத்தர் வேலையில் மற்றவர் கை வைக்க முடியாது. கேட்கிறவர்களுக்கு அதுவரை எல்லாம் சந்தோஷம்தான். அப்புறம்தான் சட்டத்தை எடுத்து வைத்தார்.

“இல்லாததை வரவழைக்க முடியாது. இருக்கிறதை எடம் மாத்தலாம். அம்புட்டுத்தான்.”

வடமதுரை ரோட்டில் ஏறும் பாண்டியம்மாள் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்ப்பவள். வாயில் வெற்றிலை இருந்தாலும் கேள்வி நிற்காது. “ஏன் சாரு, அந்தத் தண்ணிக்காரி திண்டுக்கல்லு பக்கம் ஒருக்க வந்துட்டுப் போகக்கூடாதா? கொழாயில தண்ணி வந்து எம்புட்டு நாளாச்சு?”

“வரச் சொல்லுவோம்மா. ஆனா அவ எங்கிட்டு இருந்தாச்சும் எடுத்துத்தான இங்கிட்டு ஊத்த முடியும்? எரியோட்டுக் கெணத்துல இருந்து எடுக்கச் சொல்லவா?”

வேனில் எரியோட்டைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். “அந்தப் பொம்பள எங்க ஊர் எல்லையில காலை வச்சுப் பாக்கட்டும்!” என்று பின்சீட்டில் இருந்து குரல் வந்தது. கதை தெரியாத யாராவது அன்று எங்கள் வேனில் ஏறியிருந்தால் மாவட்டத்தில் ஏதோ கலவரம் என்று இறங்கி ஓடியிருப்பார்கள்.

அடுத்த சட்டம் இன்னும் கறாரானது. பூதத்தை ஏவுகிற ஆளின் உடம்பு அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். தண்ணீரை நகர்த்தினால் தண்ணிக்காரியின் நாக்கு வறளும். தீயை ஏவினால் தீக்காரன் குளிரில் நடுங்குவான். காற்றை அனுப்பினால் மூச்சு வாங்கும். மண்ணை அசைத்தால் கால் மரத்துப் போகும். வானத்தின் குணம் சத்தம். அதனால் வானத்தை ஏவுகிறவனுக்குக் குரல் போகும். கொடுத்தால் குறையும். குறையாமல் கொடுக்கவே முடியாது. இதுதான் பூதம் சாரின் சட்டம்.

இந்தச் சட்டத்துக்கு நீதிபதி ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பதவியை மைக்கேலண்ணன் தானே எடுத்துக்கொண்டார்.

மைக்கேலண்ணன் அதிகம் பேசாத மனிதர். மாதா படத்துக்குக் காலையில் ஒரு முழம் மல்லிகை, மில் வரைக்கும் ஒரே வேகம், அவ்வளவுதான் அவர். ஆனால் கதையில் அவருக்கு இருந்த கவனம் ரோட்டில்கூட இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் பூதம் சார் தூக்கக் கலக்கத்தில், “மருதி ஏரித் தண்ணிய எல்லாம் வயலுக்குத் திருப்பிவிட்டுட்டு, வரப்புல உக்காந்து பாட ஆரம்பிச்சா” என்று சொல்லிவிட்டார். படாரென்று பிரேக். பாண்டியம்மாளின் மடியில் இருந்த டிபன் கேரியர் உருண்டு என் காலடிக்கு வந்தது.

“சார், தப்பு!” என்றார் மைக்கேலண்ணன்.

“என்னண்ணே?”

“அம்புட்டுத் தண்ணியத் திருப்பிவிட்டவளுக்கு நாக்கு வறண்டுல்ல போயிருக்கணும்? எப்பிடிப் பாடுவா?”

பூதம் சார் எழுந்து நின்று கும்பிட்டார். “தப்புதாண்ணே. மருதி பாடல. பேசாம உக்காந்திருந்தா.” அப்புறம்தான் வேன் நகர்ந்தது. அதற்குப் பிறகு கதை கேட்கும்போது எல்லோரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கேட்பது வழக்கமாகிவிட்டது. ‘தப்பு’ எப்போது வரும் என்று சொல்ல முடியாதே.

நீதிபதியைக் குளிர்விக்க பூதம் சார் ஒரு வேலை செய்தார். கதையில் செம்பான் என்று ஒரு வண்டிக்காரனைக் கொண்டுவந்தார். மருதி எங்கே போனாலும் செம்பானின் மாட்டு வண்டியில்தான் போவாள். செம்பான் யாரென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் செம்பான் வருகிற நாட்களில் மைக்கேலண்ணன் பள்ளத்தில்கூட வேனைப் பூப்போல இறக்கி ஏற்றுவார்.

செம்பானுக்கு ஒரு பெரிய நாள் வந்தது. மலைக்கு மேலே அணை உடைந்து வெள்ளம் வருகிறது. ஊர் தூங்குகிறது. ஊர் முழுக்கக் கேட்கும்படி வான்காரன் கூவ வேண்டும். ஆனால் அவன் தன் குரலை ஏற்கெனவே வேறொரு காரியத்துக்குக் கொடுத்துவிட்டவன். யாராவது மனமாரத் தன் குரலைக் கொடுத்தால் அதை வைத்துக் கூவலாம். செம்பான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். “என் குரலை எடுத்துக்க” என்றான். ஊர் பிழைத்தது. செம்பானுக்குப் பேச்சு போயிற்று.

பாண்டியம்மாள் மூக்கைச் சிந்தினாள். “பாவி மனுசன், பேச்சு திரும்பி வருமா சாரு?” பூதம் சார் வாயைத் திறப்பதற்குள் மைக்கேலண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “குடுத்தது குடுத்ததுதான். திருப்பிக் கேக்கப்படாது.” அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. அவரே கொடுத்தவர் போல.

அடுத்த வாரம் ஒரு காலையில் வேறொரு டிரைவர் வந்தார்.

மைக்கேலண்ணன் முந்தின நாள் சாயந்தரம் ஷெட்டில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்திருக்கிறார். மதுரைக்குக் கொண்டு போனார்கள். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. பேச்சு போய்விட்டது.

செய்தியைக் கேட்டதும் வேன் முழுக்க ஒரே நேரத்தில் பூதம் சார் பக்கம் திரும்பியது. யாரும் சொல்லாததைப் பாண்டியம்மாள் சொன்னாள். “கதையில அவன் வாயை அடைச்சீக. இங்க இவுக வாய் அடைச்சுப் போச்சே சாரு.” மில் வரும்வரை அவர் தன் சட்டைக் காலரையே நிமிண்டிக்கொண்டிருந்தார்.

மைக்கேலண்ணனின் மனைவி ரோசியக்காவும் எங்கள் மில்லில்தான் வேலை, தரம் பார்க்கும் பிரிவில். புருஷனை வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரம் கழித்து மறுபடி வேலைக்கு வந்தார். முகத்தில் பாதி இல்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டைப் பார்த்துக் கேட்டார். “சார், கதை சொல்றதில்லையா இப்ப?”

“இல்லம்மா.”

“சொல்லுங்க சார். செம்பானுக்குப் பேச்சு வந்துருச்சுன்னு சொல்லுங்க. கதையிலயாவது வரட்டும். நான் போயி அவருகிட்டச் சொல்றேன்.”

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். ஒரே ஒரு வரி. காசா பணமா? பூதம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “சட்டம் எடங்குடுக்கலயேம்மா” என்றார்.

“அந்தக் குரலைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க சாரு, வான்காரனை” என்றாள் பாண்டியம்மாள்.

“அது செலவாயிருச்சும்மா. ஊர் பூராவும் கேட்டு முடிஞ்சிருச்சு.”

“அப்ப வேற எவனாச்சும் குடுக்கட்டும். கதைதான சாரு!”

“கதைதான்” என்றார் அவர். “மைக்கேலண்ணன் வண்டி ஓட்ட வராம இனிமே கதை கெடையாது.” ரோசியக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பாண்டியம்மாள் தன் இடத்தில் இருந்து எழுந்து பின்சீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு பூதம் சாருக்குப் பக்கத்தில் யாரும் மனசு வைத்து உட்காரவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்துதான் பேசினேன். புது டிரைவர் போனில் பாட்டு வைத்தார். ரயில்வே கேட் அடைத்தால் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை சாயந்தரம் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு மைக்கேலண்ணனைப் பார்க்கப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் வீடு. வாசலில் தெரிந்த செருப்பு. உள்ளே கேட்டது தெரிந்த குரல்.

“மருதி சொடக்குப் போட்டா. வெறும் பாறையில இருந்து தண்ணி குபுகுபுன்னு வந்துச்சு. அவளும் குடிச்சா, ஊரும் குடிச்சுச்சு. அப்புறம் அவளே போயி அடுப்பையும் பத்த வச்சா.”

நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். இல்லாத தண்ணீர் வந்திருக்கிறது. தண்ணிக்காரி தீயில் கை வைத்திருக்கிறாள். நாக்கு வறளவில்லை. இந்த மனிதர் போட்ட சட்டத்தில் ஒன்றுகூடப் பாக்கியில்லை, எல்லாவற்றையும் இவரே உடைத்துக்கொண்டிருக்கிறார்.

கட்டிலில் மைக்கேலண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வேனை வளைக்கும்போது விம்மும் அந்தத் தோள் இப்போது சட்டைக்குள் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது.

ரோசியக்கா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். “மில்லு விட்டு நேரா இங்கதான் வாராரு தம்பி. தெனமும். வந்து உக்காந்து இப்பிடித் தப்புத் தப்பா சொல்லிட்டுப் போறாரு. டாக்டரு இவரைப் பேசிப் பழகச் சொன்னாரு. நானும் அம்மா சொல்லுங்க, மாதா சொல்லுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. முயற்சியே பண்ணலன்னா அப்பிடியே நின்னு போகும்னு டாக்டரு சொல்லிட்டாரு. சாப்பாடு வேணாங்கிறாரு, சாமி கும்பிடவும் வேணாங்கிறாரு. இந்த மனுசன் வந்து கதை சொன்னா மட்டும்தான் அவருக்குக் கோவம் வருது.”

“அன்னைக்கு வேன்ல நீங்க கேட்டப்ப மாட்டேன்னு சொன்னாரேக்கா?”

“அன்னைக்கு எனக்கும் வயிறு எரிஞ்சுச்சு. சாயந்தரமே வந்து நின்னாரு. செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்னாரு. போகச் சொல்ல மனசு வரல.”

அறைக்குள் கதை அட்டூழியத்தின் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தீக்காரன் எரிமலையைக் கிளப்பிவிட்டு, வியர்க்கிறது என்று விசிறிக்கொண்டானாம். கட்டிலில் ஏதோ அசைந்தது. மைக்கேலண்ணனின் இடது கால் நீண்டு கட்டில் சட்டத்தை ஓங்கி மிதித்தது.

பூதம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. “பாத்தீகளா சார்? கிளட்ச்சு! பிரேக் காலுக்கு இன்னும் உசிரு வரல. கிளட்ச்சுப் போட்டுட்டாரு.”

திரும்பி நடக்கும்போது கேட்டேன். “இங்க இத்தனை பொய் சொல்றீங்க. வேன்ல அந்த அக்கா ஒரு வரி கேட்டதுக்கு ஏன் சார் முடியாதுன்னீங்க?”

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். “வேன்ல அவரு இல்லாதப்ப தப்பா சொன்னா, பிரேக்குப் போட ஆளு யாரு சார்? இனிமே பிரேக்குப் போட அவரு வரமாட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்ல ஆயிரும்? என்னால அதை ஒத்துக்க முடியாது. இங்க அவரு இருக்காரு. அவரு முன்னாடி எம்புட்டுத் தப்பு வேணாலும் பண்ணலாம். பிடிக்க ஆளு இருக்கு.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பினேன். கேண்டீனில் நான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நானும் அவரோடு போக ஆரம்பித்தேன். ஐந்தூர் நாடு தலைகீழாகிக்கொண்டிருந்தது. மண்ணுக்காரன் மலையை நகர்த்திவிட்டு ஓட்டப்பந்தயம் ஓடினான். காத்துக்காரி புயலை ஏவிவிட்டு ஒரே மூச்சில் ஊர்க்கதை பேசினாள். கட்டில் சட்டம் மிதி வாங்கி வாங்கி ஒரு பக்கம் கழன்றேவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. ரோசியக்காவின் முகத்தில் முதலில் வந்த நம்பிக்கை மெல்ல மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. கதை சொல்கிறவருக்கும் களைப்புத் தட்டியது. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி, சாயந்தரம் முழுக்கப் பேச்சு. தொண்டை கரகரத்தது.

ஒருநாள் நாங்கள் போனபோது பாண்டியம்மாளும் அங்கே இருந்தாள். ஒரு தூக்குவாளியில் கறிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். பூதம் சாரைப் பார்த்ததும் முகத்தை வெட்டினாள். அவர் கவனிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருதியைப் பற்றியும் சொல்லவில்லை, தீக்காரனைப் பற்றியும் சொல்லவில்லை. பிறகு, கேட்கவே கஷ்டமாக இருந்த குரலில் ஆரம்பித்தார்.

“செம்பான் வண்டியில ஏறி உக்காந்தான். வாயைத் தொறந்தான். பேச்சு வந்துருச்சு.”

பாண்டியம்மாள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. ரோசியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கெஞ்சிக் கேட்டும் அவர் மறுத்த வரி அது.

“யாரு குரல் குடுத்தான்னு கேப்பீக. யாரும் குடுக்கல. யாருக்கும் குறையல. எங்க இருந்தும் எடுக்கல. சும்மா வந்துச்சு. செம்பானும் ‘குடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டாக, ரொம்ப சந்தோசம்’னு சொல்லி வாங்கிக்கிட்டான்.”

கட்டிலில் மைக்கேலண்ணன் சுவரைவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். யாரும் பிடிக்கவில்லை, அவரே திரும்பினார். இடது கையை ஊன்றிப் பாதி எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று. இவருக்கு மறுபடி ஏதோ ஆகப்போகிறது என்று நான் பயந்து கட்டிலை நோக்கி ஓடினேன். பூதம் சார் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“த…” என்றது அந்த வாய். எச்சில் வழிந்தது. “த… த…”



“தப்பு!”

ரோசியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பாண்டியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாதா கோயில் பக்கம் பார்த்து ஒருமுறை, தன் குலசாமி இருக்கும் திசை பார்த்து ஒருமுறை. தனக்கே பேச்சு திரும்பி வருகிறது என்றாலும் சட்டத்தை மீறி வரக்கூடாது என்று சொல்ல வந்திருக்கிறார் அந்த மனிதர். அதைச் சொன்னதிலேயே பேச்சும் வந்துவிட்டது.

பூதம் சார் எழுந்து நின்று, வேனில் நிற்பாரே அதே மாதிரி கும்பிட்டார். “தப்புதாண்ணே. திருத்திச் சொல்றேன்” என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் இருந்து கரகரவென்று இறங்கியதை அவர் துடைக்கவும் இல்லை.

அடுத்த நாள் வேனில் அவர் கழுத்தைச் சுற்றி மப்ளர். குரல் சுத்தமாக இல்லை. தூசியிலும் பேச்சிலும் தொண்டை புண்ணாகிவிட்டது, கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதை அவர் எனக்குச் சைகையில் சொன்னவிதம் இருக்கிறதே, லாட்டரி விழுந்தவன்கூட அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லமாட்டான். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மைக்கேலண்ணன் வீடு இருக்கும் பக்கம் கையை நீட்டினார். அங்கே போய்விட்டது என்று இரண்டு கையையும் விரித்தார். சட்டம் சரியாக இருக்கிறது, எடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாண்டியம்மாள் பின்சீட்டில் இருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். “குடிங்க சாரு. நான் வாய்க்கு வந்ததைப் பேசிப்புட்டேன். மனசுல வச்சுக்காதீக” என்றாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

மைக்கேலண்ணனுக்கு வெகுநாள் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. தண்ணீர் வேண்டும் என்றாலும் “தப்பு”. விசிறியைப் போடச் சொன்னாலும் “தப்பு”. ரோசியக்கா குழம்பு வைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், “தப்பு” என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டுவார். பங்குச் சாமியார் வந்து நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தபோதும் அதையே சொன்னார். அவர் நல்ல மனிதர், “ஆமென்” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ‘ரோசி’ வந்தது. பிறகு ‘வேன்’. இப்போது மெதுவாக, தேடித் தேடி, இரண்டு மூன்று சொற்களைக் கோத்துப் பேசுகிறார். வண்டி ஓட்ட முடியாது. முன்சீட்டில் ஏற்றி உட்காரவைத்தால் பழைய கம்பீரம் வந்துவிடுகிறது. புது டிரைவரிடம் அவருக்கு எக்கச்சக்கமான அபிப்பிராயங்கள்.

நான் இப்போது அந்த மில்லில் இல்லை. போன மாதம் பழக்கடை வாசலில் பூதம் சாரைப் பார்த்தேன். காலரை நிமிண்டினார். குரல் பழையபடி கணீரென்று இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு கவலை.

“ஒண்ணு மட்டும் ஒதைக்குது சார். அவருக்குப் பேச்சு வந்துச்சு. எனக்குப் போச்சு. அதுவரைக்கும் சரி. அப்புறம் எனக்கும் திரும்பி வந்துருச்சு. அவருக்கும் அப்பிடியே இருக்கு. அப்ப எங்கிட்டுக் குறைஞ்சுது? எங்கயோ குறைஞ்சிருக்கணுமே? யோசிச்சு யோசிச்சுத் தூக்கமே வரல.”

அவர் வாங்கியிருந்த பழப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மாதா கோயில் சந்து வரைக்கும் கூடவே நடந்தேன். மில்லு விட்டு நேராக அங்கேதான் போகிறார், இன்னமும். கொடுத்தால் குறையும் என்பது அவர் போட்ட சட்டம். இந்த மனிதர் விஷயத்தில் மட்டும், மைக்கேலண்ணனின் வார்த்தையில் சொன்னால், அது தப்பு.